தரிசு மலையில் விறகு மரம்: முதலில் ஆழம், பிறகு அமிலம்

கைவிட்ட தேயிலை மலைகளிலும் பத்தனாப் புல்வெளிகளிலும் விறகு மரம் வைப்பது பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. காரணம் தெரிந்ததுதான். ஒரு கிலோ தேயிலைத்தூள் காய்ந்து வர ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) அடுப்புக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு கிலோ விறகு போகிறது. 2005இல் இலங்கை அரசாங்கம் கிளிரிசிடியா என்ற மரத்தைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்ததும் பலருக்கு நினைவிருக்கிறது. ஆனால் கடிதங்களில் பாதிக்கு மேல் “எந்த மரம் வைக்கலாம்?” என்றே தொடங்குகின்றன. ஒரு காணி ஏன் தரிசானது என்று தெரியாமல் அதற்கு மரம் சொல்ல எங்களால் முடியாது. ஆகவே கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் மண்ணைப் பற்றியவை.

ஹாலிஎல வாசகர்: அப்பா காலத்துத் தேயிலை இரண்டு ஏக்கர் இருக்கிறது. பல வருடமாகக் கொழுந்து எடுக்கவில்லை, மானாப்புல் மூடிவிட்டது. கிளிரிசிடியா வைத்து விறகாக விற்க நினைக்கிறேன். மண் பரிசோதனைக்கு எங்கே அனுப்புவது?

அனுப்பலாம், அதற்கு அவசரமில்லை. ஆய்வுகூடம் உங்களுக்குச் சொல்லாத விடயம் ஒன்று உண்டு: மண்ணின் ஆழம். பைக்குள் போகும் அரைக் கிலோ மண்ணுக்கு அடியில் பாறை எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மலைநாட்டில் கைவிடப்பட்ட தேயிலைக் காணிகளில் மரம் தேறாமல் போவதற்கு எங்கள் கணிப்பில் முதல் காரணம் ஆழமின்மை. உரக்குறை அதற்குப் பின்னால்தான் வருகிறது.

நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்து, ஓர் அலவாங்கு, மண்வெட்டி, அளவுநாடா, ஒரு போத்தல் தண்ணீர் எடுத்துக்கொண்டு காணிக்குப் போங்கள். உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஒரே கோட்டில் இறங்குங்கள். இருபது அடி வைப்புக்கு ஒரு தரம் அலவாங்கை இறக்கி, எத்தனை சென்ரிமீற்றரில் நிற்கிறது என்று குறியுங்கள். ஓரிடத்தில் நின்றுவிட்டால் உடனே “பாறை” என்று எழுத வேண்டாம். சுற்றி ஒரு மீற்றருக்குள் இன்னும் இரண்டு இடத்தில் குத்துங்கள். மூன்றும் ஒரே ஆழத்தில் நின்றால் அடியில் பாறையோ இறுகிய படையோ இருக்கிறது. ஒன்று மட்டும் நின்றால் அது கல். கணீர் என்ற ஓசை பாறைக்கு, மந்தமான ஓசை களிமண் இறுக்கத்துக்கு. அலவாங்கு நுனியில் வெள்ளை அல்லது மஞ்சள் பொடி ஒட்டி வந்து, விரலால் நசுக்கும்போது உதிர்ந்தால் அது உக்கிய பாறை. அதன் வெடிப்புகளுக்குள் மரவேர் இறங்கும், ஆகவே அதை முழுப் பாறையாகக் கணக்கெடுக்க வேண்டாம்.

பிறகு உச்சி, நடுச்சரிவு, அடிவாரம் என மூன்று குழி வெட்டுங்கள். ஒவ்வொன்றும் ஒரு மீற்றர் ஆழம், ஒரு ஆள் இறங்கி நிற்கும் அகலம். மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணைக் கீழ்ப்பக்கமும் போட்டால் திருப்பி மூடும்போது கலக்காது. குழிச் சுவரைக் கத்தியால் சுரண்டிப் புதிதாக்கிவிட்டுப் பாருங்கள். கருமையான மேல்மண் எத்தனை சென்ரிமீற்றர்? பத்துக்குக் குறைவென்றால் மேல்மண்ணின் பெரும்பகுதி ஏற்கெனவே ஓடிவிட்டது. மேலிருந்தே செம்மண் தெரிந்தால் நீங்கள் நிற்பது அடிமண்ணில். பழைய தேயிலை வேர் எந்த ஆழத்தில் திரும்பிப் பக்கவாட்டில் ஓடுகிறது என்று பாருங்கள். தேயிலை வேர் மடங்கிய இடத்தில் விறகு மரத்தின் வேரும் மடங்கும். சாம்பல் நிற மண்ணில் துரு நிறப் புள்ளிகள் இருந்தால் வருடத்தில் பல வாரம் அங்கே நீர் தேங்குகிறது.

ஆழத்தை வைத்து நாங்கள் பின்பற்றும் கணக்கு இது. 90 சென்ரிமீற்றருக்கு மேல் வேர் இறங்கக்கூடிய மண் என்றால் பெரிய மரம் வைக்கலாம். 50 முதல் 90 வரை என்றால் அடிக்கடி வெட்டித் துளிர்க்கவிடும் சிறு மரம். 25 முதல் 50 வரை என்றால் சமவுயர வேலி வரிசைகள், இடையில் புல். அதற்கும் குறைந்த இடத்தில் மானாப்புல்லை அப்படியே விடுங்கள். அந்தப் புல் பிடித்து வைத்திருக்கும் மண்ணைக் கிளறி எடுப்பதால் வரும் நட்டம் எந்த விறகு விலையிலும் ஈடாகாது.

ஹாலிஎலவின் தாழ்ந்த பக்கம் என்றால் உயரத்தைப் பொறுத்தவரை கிளிரிசிடியாவுக்குத் தடையில்லை. தடி நடுவதா விதைக்கன்றா என்று முடிவெடுக்கும்போது, விதைக்கன்றுக்கு ஆணிவேர் உண்டு, தடியிலிருந்து வரும் மரத்துக்கு மேலோட்டமான வேரே அதிகம் என்பதைக் கணக்கில் எடுங்கள். சரிவில் விதைக்கன்றே நல்லது.

ஹற்றன் வாசகி: ஒரே மலையில் இரண்டு முறை மண் எடுத்து அனுப்பினோம். ஒரு அறிக்கையில் பி.எச். 4.3, மற்றதில் 5.2. எதை நம்புவது?

இரண்டும் சரியாக இருக்கலாம். பி.எச். என்பது அமில அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடும். முதலில் இரண்டு அறிக்கையிலும் முறை என்ன என்று பாருங்கள். ஒரே மண்ணைத் தண்ணீரில் கலந்து அளந்தால் ஒரு எண் வரும், பொட்டாசியம் குளோரைட்டுக் கரைசலில் அளந்தால் அதைவிட அரை முதல் ஒரு அலகு வரை குறைவாக வரும். முறை எழுதாத அறிக்கை என்றால் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பொசுபரசுக்கும் இதே கதை. ஒல்சன் முறை சுண்ணாம்பு மண்ணை மனதில் வைத்து உருவானது. அமில மண்ணுக்கு பிறே முறையோ போராக்ஸ் முறையோ பொருந்தும். ஒன்றில் வந்த எண்ணை மற்றதன் அட்டவணையில் வைத்துப் பார்த்தால் தவறான முடிவே கிடைக்கும்.

முறை ஒன்றாக இருந்தும் எண் வேறானால் மண் எடுத்ததில் வேறுபாடு இருக்கிறது. வழக்கமாக நடப்பவை: ஒரு முறை வரிசையின் அடியிலும் மறுமுறை வரிசைக்கு நடுவிலும் எடுத்தது, உரமோ அமிலத்தைக் குறைக்கும் டொலமைற் சுண்ணாம்போ போட்டுச் சில வாரத்துக்குள் எடுத்தது, பழைய லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) அடுப்புச் சாம்பல் கொட்டிய இடமோ மாட்டுக்கொட்டில் இருந்த இடமோ ஒரு பிடி கலந்துவிட்டது, ஈர மண்ணைப் பொலித்தீன் பையில் கட்டி ஒரு வாரம் வைத்துவிட்டு அனுப்பியது, யூரியா வந்த பையைக் கழுவி அதில் போட்டது.

சரியாக எடுக்கும் விதம்: ஒரே மாதிரி மண், ஒரே சரிவு, ஒரே பயிர் வரலாறு உள்ள பகுதியை ஓர் அலகாக வையுங்கள். அதற்குள் கோணல்மாணலாக நடந்து 15 இடத்தில் எடுக்க வேண்டும். பாதை, கான் (வடிகால்) ஓரம், குப்பை எரித்த இடம், மரத்தடி ஆகியவற்றை விட்டுவிடுங்கள். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, மண்வெட்டியால் வி வடிவில் 15 சென்ரிமீற்றர் குழி வெட்டி, ஒரு பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை இரண்டு விரல் தடிப்பில் ஒரு சீவல் எடுங்கள். 15இலும் எடுத்ததைப் பிளாஸ்ரிக் வாளியில் கலக்கி, விரித்து நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களை நீக்குங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். நிழலில் உலர்த்துங்கள், வெயிலிலோ அடுப்பு மேலோ வேண்டாம். நாகம் பூசிய தகர வாளி வேண்டாம், நுண்சத்து எண்ணிக்கை கெடும்.

மரத்துக்கு மேல்மண் அறிக்கை மட்டும் போதாது. 30 முதல் 60 சென்ரிமீற்றர் ஆழத்திலிருந்தும் தனிப் பை ஒன்று எடுத்து, “மாற்றீட்டு அலுமினியம்” பார்க்கும்படி கேளுங்கள். எங்கள் செம்மஞ்சள் மண்ணில் வேரைக் கருக்குவது பெரும்பாலும் இந்த அலுமினியம்தான். பி.எச். 5க்குக் கீழே போகப்போக அது மண்நீரில் கரைந்து வருகிறது. அறிக்கையில் கல்சியம், மக்னீசியம், பொட்டாசியம், அலுமினியம் நான்கையும் கூட்டி, அதில் அலுமினியம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 60ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களின் வேர் அந்தப் படையில் நின்றுவிடும். மேல்மண்ணில் 20, அடிமண்ணில் 70 என்று வருவது இங்கே அபூர்வமில்லை. அப்படியான காணியில் கன்று முதல் வருடம் செழித்து, இரண்டாம் வருடக் கோடையில் வாடும்.

தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்திலும், விவசாயத் திணைக்களத்தின் கன்னொருவ நிலையத்திலும் மண் பரிசோதிக்கிறார்கள். கட்டணத்தையும் எடுக்கும் நாளையும் உங்கள் கமநல சேவை நிலையத்தில் கேட்டுவிட்டுப் போங்கள்.

மஸ்கெலியா வாசகர்: கிளிரிசிடியாத் தடி 200 நட்டோம். காய்ந்தும் போகவில்லை, வளரவும் இல்லை.

குளிர்தான் காரணம். 1,200 மீற்றரை ஒட்டியும் அதற்கு மேலும் கிளிரிசிடியா உயிரோடு நிற்கும், விறகு தராது. உங்கள் பக்கம் கலியாந்திராவையும் யூக்கலிப்டஸ் கிராண்டிசையும் பாருங்கள். கலியாந்திரா அமில மண்ணைப் பொறுக்கும், 30 முதல் 50 சென்ரிமீற்றர் உயரத்தில் வெட்டினால் வருடாவருடம் துளிர்க்கும். நீர் தேங்கினால் அழுகும். யூக்கலிப்டஸை ஊற்றுக்கண்ணுக்கும் பீலிக்கும் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். கறுப்பு வாற்றில் என்ற அக்கேசியா நன்றாக எரியும், ஆனால் விதை பரவிப் புல்வெளியைப் பிடிக்கும் மரம். அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

வெலிமடை வாசகர்கள் (ஒரு விவசாயச் சங்கம்): எங்கள் உறுப்பினர்களின் தரிசுக் காணி துண்டுதுண்டாக ஏறத்தாழ 40 ஏக்கர். எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் போட விரும்புகிறோம். கணினி தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பிள்ளைகள் இருப்பது பெரிய உதவி. கியூஜிஐஎஸ் (QGIS) என்ற இலவச வரைபட மென்பொருளை இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

முதல் வேலை எல்லை. கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ் வெட்டவெளியில் 3 முதல் 5 மீற்றர் வரை பிழை காட்டும். மரத்தடியிலும் பள்ளத்திலும் பிழை இன்னும் கூடும். ஆகவே நடந்துகொண்டே பதியாமல், ஒவ்வொரு மூலையிலும் ஒன்றிரண்டு நிமிடம் நின்று பதியுங்கள். கால் ஏக்கர்த் துண்டுக்கு இந்தப் பிழையே பெரிது, அதற்கு நாடா பிடித்து அளப்பதுதான் சரி. காணிச் சண்டைக்கு இந்த வரைபடம் சாட்சியாகாது என்பதையும் சங்கக் கூட்டத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, நில அளவைத் திணைக்கள வரைபடத்தை அடியில் வைக்கும்போது வரும் சிக்கல். பழைய தாள்கள் கண்டவளை ஆதாரம் என்ற பழைய அளவீட்டு முறையில், பிதுருதலாகல மலையைக் கிழக்கு 200,000, வடக்கு 200,000 மீற்றர் என்று வைத்து வரையப்பட்டவை. 1999 முறையில் அதே இடத்துக்கு 500,000, 500,000. தொலைபேசி தருவது உலகப் பொது முறை. மென்பொருளில் இதைச் சரியாகத் தெரிவு செய்யாவிட்டால் உங்கள் காணி ஏறத்தாழ 200 மீற்றர் தள்ளி அடுத்தவர் உருளைக்கிழங்குப் பாத்தியில் போய் உட்காரும். வரைபடத்திலும் நிலத்திலும் மாறாமல் நிற்கும் ஒரு கோயில் சந்தியையோ பாலத்தையோ இரண்டிலும் குறித்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

மூன்றாவது சரிவு. இலவசமாகக் கிடைக்கும் செய்மதி உயரத் தரவின் ஒரு கட்டம் 30 மீற்றர். அதற்குள் இரண்டு வரம்பும் ஒரு கிடங்கும் மறைந்துவிடும். பெரிய சரிவு எங்கே என்று பார்க்க அது போதும், கன்று வைக்கப் போதாது. தரையில் அளக்க ஒரு மீற்றர் நீளக் கம்பு, மேசன் பாவிக்கும் நீர்மட்டம், அளவுநாடா போதும். கம்பின் ஒரு முனையைத் தரையில் வைத்து, நீர்மட்டம் பார்த்துக் கிடையாகப் பிடியுங்கள். மறுமுனையிலிருந்து தரைவரை எத்தனை சென்ரிமீற்றரோ அத்தனை சதவீதச் சரிவு. 60 என்றால் ஏறத்தாழ 31 பாகை. அதற்கு மேல் மண்ணைக் கிளறும் எந்தப் பயிரும் வேண்டாம் என்பதே எங்கள் நிலைப்பாடு.

நான்காவது செய்மதிப் படம். சென்ரினல்-2 படம் இலவசம், ஒரு கட்டம் 10 மீற்றர், ஐந்து நாளுக்கு ஒரு முறை வருகிறது. மேகம்தான் எதிரி. உங்கள் ஊவாப் பக்கம் ஜூலை, ஓகஸ்ட் மாதப் படம் எடுங்கள், மேற்குச் சரிவுக்காரர்களுக்கு பெப்ரவரி நல்லது. வறட்சியின் கடைசியில் எந்தத் திட்டு முதலில் மஞ்சளாகிறதோ அங்கே மண் ஆழம் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். எப்போதும் பச்சையாக நிற்கும் திட்டில் ஊற்று இருக்கும். ஆனால் புல் எரித்த இடமும் அறுவடை செய்த கரட் பாத்தியும் இதே மஞ்சளைக் காட்டும். இரண்டு மூன்று வருடத்துப் படங்களை ஒப்பிட்டு, திரும்பத் திரும்ப மஞ்சளாகும் இடத்தை மட்டும் நம்புங்கள்.

இதுவரை வீட்டுக்குள் செய்த வேலை. இதன்மேல் தோராயமாக அலகுகளை வரைந்து, ஒவ்வொன்றிலும் உச்சியிலிருந்து அடிவாரம் வரை நடந்து அலவாங்கும் குழியும் வைத்து எல்லையைத் திருத்துங்கள். மலைச்சரிவில் மண் மேலிருந்து கீழாகத்தான் மாறுகிறது. பக்கவாட்டில் நூறு மீற்றர் போனாலும் மாறாத மண், கீழ்நோக்கி இருபது மீற்றரில் மாறிவிடும். அதனால் சதுரக் கட்டம் போட்டு மண் எடுப்பது இங்கே காசை வீணாக்கும்.

கடைசியாக ஒன்று, இதில் எங்களுக்குப் பிடிவாதம் உண்டு. வரைபடத்தில் “நல்லது, நடுத்தரம், கெட்டது” என்று நிறம் பூசாதீர்கள். தடை என்ன என்று எழுதுங்கள். ஆழக் குறைவுக்கு “ஆ”, அமிலத்துக்கு “அ”, கல்லுக்கு “க”, நீர்த் தேக்கத்துக்கு “நீ”, சரிவுக்கு “ச”. “அ” மட்டும் உள்ள துண்டு டொலமைற்றோடு திருந்தும். “ஆ” உள்ளது எத்தனை மூட்டை போட்டாலும் திருந்தாது. “நீ” உள்ளதற்கு முதலில் கான். இரண்டு எழுத்துக்கு மேல் விழும் துண்டைப் புல்லுக்கே விட்டுவிட்டு, கையில் உள்ள கன்றை ஓர் எழுத்துத் துண்டுகளுக்கு வையுங்கள். மூன்று நிறத்தில் பூசிய படத்தில் இந்த வேறுபாடு எதுவும் தெரியாது.

பசறை வாசகர்: அறிக்கையில் எல்லாச் சத்தும் போதுமான அளவு. ஆனால் கன்றுகள் இடுப்பு உயரத்தில் நின்றுவிட்டன. மண்ணில் வெள்ளைக் கற்கள் அதிகம்.

விடை உங்கள் கேள்வியின் கடைசி வரியில் இருக்கிறது. ஆய்வுகூடம் மண்ணை 2 மில்லிமீற்றர் அரிதட்டில் சலித்து, கீழே விழுந்ததை மட்டும் பரிசோதிக்கிறது. மேலே தங்கிய கல் குப்பைக்குப் போகிறது. அறிக்கை சொல்வது கல்லுக்கு இடையில் உள்ள மண்ணைப் பற்றி மட்டுமே.

வீட்டில் அளந்து பாருங்கள். குழியில் 15 சென்ரிமீற்றர் ஆழம்வரை எடுத்த 10 கிலோ உலர்ந்த மண்ணை உடைத்துச் சலித்து, தங்கிய கல்லை நிறுங்கள். 4 கிலோ வந்தால் 40 சதவீதம் கல். ஒரு ஹெக்டயரின் மேல் 15 சென்ரிமீற்றர் மண், கன சென்ரிமீற்றருக்கு 1.2 கிராம் என்ற அடர்த்தியில், 1,800 தொன். உங்கள் காணியில் அதில் வேலை செய்யும் மண் 1,080 தொன்தான். அறிக்கையில் உள்ள ஒவ்வொரு சத்தையும் 0.6ஆல் பெருக்குங்கள். அதைவிட முக்கியம், கல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. மழையில்லாத மூன்று வாரத்தைத் தாங்கும் நீர் அந்த மண்ணில் இல்லை, அதுதான் கன்று இடுப்பளவில் நின்ற காரணமாக இருக்கும்.

இதற்கு உரம் மருந்தாகாது. கன்றுகளை அடியில் வெட்டி எண்ணிக்கையைக் குறையுங்கள், வெட்டிய இலைதழையை அங்கேயே மூடாக்காகப் போடுங்கள். மீட்டருக்கு மீட்டர் வைத்த இடத்தில் இரண்டுக்கு ஒன்று என்று ஆக்கினால் மிஞ்சும் மரத்துக்குத் தண்ணீர் போதும். கற்களைப் பொறுக்கிச் சமவுயரக் கோட்டில் அடுக்கினால் மேலிருந்து வரும் மண் அதில் தங்கும்.

கந்தப்பளை வாசகர்: மரக்கறிச் செய்கை விட்டுப்போன காணி. அதுவும் தரிசுதானே?

இல்லை. பல வருடம் கோழி எருவும் இரசாயன உரமும் போட்ட மரக்கறி மண்ணில் பொசுபரசு தேவைக்கு மேல் குவிந்திருக்கும், பி.எச். தேயிலை மண்ணைவிட உயர்ந்திருக்கும். அங்கே உரம் வாங்க வேண்டாம். பாத்திகள் சரிவோடு மேல்கீழாக வெட்டப்பட்டிருந்தால் முதலில் அவற்றைக் குறுக்காகத் திருப்புங்கள். உங்கள் உயரத்தில் ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் பள்ளங்களில் உறைபனி விழும். புல் வெள்ளையாகத் தெரியும் இடங்களை அந்த மாதங்களில் வரைபடத்தில் குறித்து, அங்கே கலியாந்திராவைத் தவிருங்கள்.

கொஸ்லந்தை வாசகி: எங்கள் லயத்துக்கு மேலே சரிவு தரிசாகக் கிடக்கிறது. மரம் வைத்தால் மண்சரிவு நிற்கும் என்கிறார்கள். உண்மையா?

2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவு உங்களுக்கு மிக அருகில். ஆகவே நேராகவே சொல்கிறோம். மரவேர் மேல் ஒன்றிரண்டு மீற்றர் மண்ணைப் பிணைக்கும். அடியில் பல மீற்றர் ஆழத்தில் நீர் நிறைந்து மலையே நகர்ந்தால் எந்த வேரும் தாங்காது. அப்படிப்பட்ட சரிவில் விறகுக்காக மரம் வைத்து வெட்டுவது நல்லதல்ல. வெட்டியபின் பழைய வேர் உக்கி, புதிய வேர் பிடிக்கும்வரை சில வருடம் பிடிப்புக் குறையும். துளிர்க்கும் மரத்தில் வேர் உயிரோடு இருப்பதால் ஆபத்து சற்றுக் குறைவு. யூக்கலிப்டஸை வேரோடு பிடுங்குவது மிக மோசம்.

மண் பரிசோதனைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை: சரிவின் மேற்புறத்தில் பிறை வடிவ வெடிப்பு, ஒரே பக்கம் சாய்ந்த அல்லது அடியில் வளைந்த மரங்கள், லயத்துச் சுவரிலும் படியிலும் புதுப் பிளவு, திடீரெனத் தோன்றிய ஊற்று, தெளிவாக ஓடிய பீலியில் கலங்கல். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அங்கே குழி வெட்டவோ, நீரைத் தேக்கும் கான் வெட்டவோ கூடாது. தேக்கும் கான் மழைநீரை மண்ணுக்குள் இறக்கும், அந்தச் சரிவுக்கு வேண்டியது நீரை வெளியே கொண்டுபோகும் கான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் பதுளை மாவட்டத்துக்கான மண்சரிவு அபாய வலய வரைபடம் இருக்கிறது. பிரதேச செயலகம் வழியாக உங்கள் லயம் எந்த வலயத்தில் என்று எழுத்தில் கேளுங்கள். வெடிப்பு இருந்தால் மரத்தைப் பற்றிய யோசனையை விட்டு, கிராம உத்தியோகத்தருக்கு இன்றே சொல்லுங்கள்.

நாவலப்பிட்டி வாசகர்: காட்டாமணக்கு எந்த மண்ணிலும் வரும், எண்ணெய் எடுக்கலாம் என்கிறார்களே?

எந்த மண்ணிலும் உயிர் வாழும் என்பது உண்மை. கெட்ட மண்ணில் விதை தராது என்பதும் உண்மை. உங்கள் ஈர வலயத்தில் பூஞ்சணமும் அழுகலும் கூடும். வேலிக்கு வைக்கலாம்.

லிந்துலை வாசகர்: அமில மண்ணைத் திருத்தச் செலவாகுமா, அல்லது அமிலம் பொறுக்கும் மரத்தையே வைப்பதா? வீட்டில் சோதித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு, அதற்கு ஏழு வாரமும் நான்கு கறுப்புப் பொலித்தீன் பையும் போதும். 30 சென்ரிமீற்றருக்குக் கீழிருந்து எடுத்த மண்ணை ஒவ்வொன்றிலும் 2 கிலோ போடுங்கள். முதலாவதில் எதுவும் சேர்க்க வேண்டாம். இரண்டாவதில் டொலமைற் 2 கிராம், ஏறத்தாழ அரைத் தேக்கரண்டி. மூன்றாவதில் ரி.எஸ்.பி. என்ற பொசுபரசு உரம் 1 கிராம். நான்காவதில் இரண்டும். நனைத்து இரண்டு வாரம் நிழலில் வையுங்கள், பிறகு ஒவ்வொன்றிலும் மூன்று போஞ்சி விதை. போஞ்சி அலுமினியத்துக்கு உடனே முகம் சுளிக்கும் பயிர். விதைத்து ஐந்து வாரத்தில் பையைக் கிழித்து வேரைக் கழுவிப் பாருங்கள். கட்டையாக, பழுப்பாக, பக்கவேர் இல்லாமல் இருந்தால் அலுமினியம். டொலமைற் போட்ட இரண்டாவது, நான்காவது பைகளில் மட்டும் வேர் திருந்தினால் தடை அமிலம். மூன்றாவதிலும் திருந்தினால் பொசுபரசுக் குறை. நான்கும் ஒரே மாதிரி நன்றாக இருந்தால் உங்கள் மண்ணின் தடை வேதியியலில் இல்லை, ஆழத்தையும் நீரையும் போய்ப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று பை வைத்தால் முடிவு இன்னும் உறுதி.

செலவுக் கணக்கு: அறிக்கையில் மாற்றீட்டு அலுமினியம் ஒரு அலகு (கிலோ மண்ணுக்கு ஒரு சென்ரிமோல்) என்றால், ஒரு ஹெக்டயரின் 15 சென்ரிமீற்றர் மண்ணுக்கு 900 கிலோ சுண்ணாம்புச் சமன் தேவை. கலப்பு சரியாக இருக்காது என்பதால் ஒன்றரை மடங்கு எடுங்கள், 1,350 கிலோ. ஏக்கருக்கு ஏறத்தாழ 550 கிலோ, 50 கிலோ மூட்டையில் பதினொன்று. மூன்று அலகு என்றால் முப்பத்து மூன்று மூட்டை, அதை மலையேற்றும் கூலி வேறு. ஆகவே காணி முழுக்கத் தூவ வேண்டாம். 45 சென்ரிமீற்றர் நீள அகல ஆழமுள்ள கன்றுக் குழியில் ஏறத்தாழ 110 கிலோ மண் இருக்கிறது. ஓர் அலகு அலுமினியத்துக்குக் குழிக்கு 80 கிராம், மூன்று அலகுக்கு 250 கிராம் டொலமைற்றை அந்த மண்ணோடு நன்றாகக் கலந்து மூடினால் போதும். மேலே தூவிவிட்டால் அது 15 சென்ரிமீற்றரைக் கடக்க வருடங்கள் எடுக்கும். பொசுபரசுக்கு எப்பாவலப் பாறைப் பொசுபேற்றுப் போடலாம், அமில மண்ணில்தான் அது நன்றாகக் கரையும். அதை டொலமைற் கலந்த மண்ணுக்குள் போடாமல் சற்று விலக்கிப் போடுங்கள். பின்னாளில் இந்த இடத்தில் தேயிலை வைக்கும் எண்ணம் இருந்தால் பி.எச். 5.5ஐத் தாண்டவிட வேண்டாம்.

இராகலை வாசகர்: ஸ்டோருக்கு விறகு கொடுக்க ஒப்பந்தம் பேசுகிறோம். ஏக்கருக்கு எவ்வளவு வரும் என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

சோதனைப் பாத்தி அறுவடை செய்யும்வரை எண் சொல்லாதீர்கள். அடுத்த மாவட்டத்து விளைச்சலைக் காட்டி ஒப்பந்தம் எழுதியவர்கள் குறையும் விறகை வெளியில் வாங்கிக் கொடுக்கும் நிலைக்கு வருகிறார்கள்.

வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு வகை மண்ணிலும் 10க்கு 10 மீற்றர்ப் பாத்தி ஒன்று போட்டு, மீற்றருக்கு ஒன்றாக 100 கன்று வையுங்கள். முதல் வெட்டு ஒன்று முதல் ஒன்றரை வருடத்தில். வெட்டும்போது ஓரத்து மரங்களை விட்டு, நடுவில் உள்ள 64ஐ மட்டும் நிறுங்கள், ஓரத்து மரத்துக்கு வெளிச்சம் கூடுதலாகக் கிடைத்து எண்ணைப் பெருப்பிக்கும். இலையும் பென்சில் தடிப்புக்குக் குறைந்த கிளையும் நிலத்திலேயே கிடக்கட்டும், நைதரசனில் பெரும்பகுதி அவற்றில்தான் இருக்கிறது. 64 மரத்து நிறையை 63ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு வரும்.

அது பச்சை விறகு. அதில் பாதி தண்ணீர். வெவ்வேறு தடிப்பில் ஒரு கிலோ துண்டுகள் எடுத்து, ஸ்டோர் ஆய்வுகூடத்து அடுப்பில் 105 பாகையில் நிறை மாறாமல் வரும்வரை காயவைத்து ஈரப்பதத்தைக் கண்டுபிடியுங்கள். 50 சதவீத ஈர விறகு கிலோவுக்கு ஏறத்தாழ 8 மெகாஜூல் வெப்பம் தரும், 20 சதவீதத்தில் 14. உங்கள் 10 கிலோ பச்சை விறகு காய்ந்து 6.25 கிலோ ஆகும்போது நிறை குறைந்தாலும் மொத்த வெப்பம் 80இலிருந்து 87.5 மெகாஜூலாகக் கூடுகிறது. நிறைக்கு மட்டும் விலை பேசினால் காயவைத்துக் கொடுப்பவருக்கு நட்டம். ஒப்பந்தத்தில் ஈரப்பத அளவையும், அதற்கேற்ற விலையையும், யார் எப்போது அளப்பது என்பதையும் எழுதுங்கள். மரம் வெட்டவும் ஏற்றவும் வேண்டிய அனுமதியைப் பிரதேச செயலகத்தில் நடுவதற்கு முன்பே விசாரியுங்கள். காணி கம்பனிக் குத்தகையில் இருந்தால் தோட்ட நிர்வாகத்தின் எழுத்து அனுமதி கையில் வரும்வரை ஒரு கன்றும் வைக்க வேண்டாம்.

விறகு ஏற்றிப் போகும் லொறி திரும்பி வரும்போது அடுப்புச் சாம்பலைக் கொண்டுவர ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு தொன் உலர் விறகுக்கு 10 முதல் 20 கிலோ சாம்பல் வரும். மரம் எடுத்துப் போன கல்சியமும் பொட்டாசியமும் அதில் இருக்கின்றன. கன்றின் தண்டில் படாமல், ஒரு அடி தள்ளி வட்டமாகத் தூவி மண்ணோடு கலந்துவிடுங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சாம்பல் கடும் காரம். யூரியாவோடு சேர்த்துப் போட்டால் அமோனியா ஆவியாகிப் போகும், இரண்டுக்கும் இடையில் மூன்று நான்கு வாரமாவது விடுங்கள்.